எவ்வளவு வாங்குற? - கூலி, ரகசியம், சாதி

(ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது சில இடங்களைச் சரிசெய்தேன். பல இடங்களைப் பேச்சு பேச்சாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் துட்டு பற்றிப் பேசப்போகிறேன், கோவிச்சுக்க வேணாம். கவிதை எழுதி இதுவரைக்கும் நான் சம்பாதித்தது மொத்தம் 1,500 ரூபாய். அதுவும் ஒரு கல்லூரியில் வழிச்செலவுக்கு என்று உறையில் போட்டுக் கொடுத்தது. அந்தக் கணக்கு முடிந்தது.

இன்னொரு கணக்கைச் சொல்கிறேன். நான் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க். சேர்ந்து எட்டு வருஷம் ஆகுது. என் அடிப்படைச் சம்பளம் 41,020 ரூபாய். பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் சேர்த்து, பிடித்தம் போக, கைக்கு வருவது 50 ஆயிரத்தை ஒட்டி.

பாருங்க, இடமே அமைதியாயிடுச்சு. பின்னால் உட்கார்ந்திருக்கிற அண்ணன் காலை மடக்கிக்கொண்டார். நான் என் சாதியைச் சொல்லியிருந்தால் இவ்வளவு அமைதி வந்திருக்காது, அது எல்லாருக்கும் தெரியும். சம்பளத்தைச் சொன்னதும் ஏதோ துணியை அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அது ஏன் என்றுதான் பேசலாம் என்று வந்தேன்.

நான் சொல்வதில் பெரிய வீரம் ஒன்றும் கிடையாது. என் சம்பளம் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. வங்கித் தொழிற்சங்கங்களும் வங்கி முதலாளிகளின் சங்கமும் உட்கார்ந்து பேசிப் போடும் இருதரப்பு ஒப்பந்தம் 1966லிருந்து வருகிறது. பன்னிரண்டாவது ஒப்பந்தம் 2024 மார்ச் 8ஆம் தேதி கையெழுத்தானது. கிளார்க்குக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,050, இத்தனை வருஷத்தில் இத்தனை ரூபாய் ஏறும், பட்டதாரிக்கு இத்தனை ஊதிய உயர்வு என்று எல்லாம் அதில் இருக்கிறது. காஷ்மீரில் இருக்கும் கிளார்க்குக்கும் காசிமேட்டில் இருக்கும் கிளார்க்குக்கும் அடிப்படை ஒன்றுதான். என் பக்கத்து சீட்டில் ஒருத்தர் இருக்கிறார். எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதை மாதத்துக்கு ஒருமுறையாவது ஜாடையாக நினைவுபடுத்துவார். 'உங்களுக்கென்னப்பா' என்பார். ஆனால் மாதக் கடைசியில் அவருக்கு ஏறுகிற அதே தொகை எனக்கும் ஏறுகிறது. அவர் மனசில் இருக்கும் படிநிலை சம்பளப் பட்டியலில் ஏற முடியவில்லை. அந்தப் பட்டியல் எல்லார் கண்முன்னாலும் விரிந்து கிடப்பதுதான் காரணம். அவர் நல்லவராகிவிட்டார் என்பதல்ல.

இதை நான் தெரிந்துகொண்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை, பாஸ்புக்கில்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். எண்ணூர் நெடுஞ்சாலை ஆலைகளில் ஒப்பந்தக்காரர்களிடம் வேலை செய்யும் பெண்கள் அங்கே நிறையப் பேர் கணக்கு வைத்திருந்தார்கள். பத்தாம் தேதி வாக்கில் கூட்டம் அப்பும். பாஸ்புக் போடுகிற மெஷின் பாதி நாள் படுத்திருக்கும். அப்போது என் கவுண்ட்டருக்குத்தான் வருவார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பாஸ்புக்கை உள்ளே தள்ளிவிட்டு, 'தம்பி, எவ்ளோ ஏறிக்கீது பாத்து சொல்லு' என்பார்கள்.

அதில் இரண்டு பேர். பெயர் வேண்டாம், ஆலையின் பெயரும் வேண்டாம். இரண்டு பேருக்கும் ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே ஷிப்ட், ஒரே வேலை. கூட்டுவது, சாக்கு பிரிப்பது, கழிவை வண்டியில் தள்ளுவது. ஒருத்தர் சூப்பர்வைசரின் தெருக்காரர். இன்னொருத்தர் நம்ம காலனி. ஒருத்தருக்கு 13,400 ஏறும், இன்னொருத்தருக்கு 11,900. யாருக்கு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இது எட்டு மாதமாகத் தெரியும். திரையில் இரண்டு பேர் கணக்கையும் பார்க்கிறேன், தெரியாமல் எப்படிப் போகும்? ஆனால் வேலையில் சேரும்போது வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த உறுதிமொழியைக் குறை சொல்லவில்லை. கந்துவட்டிக்காரன் வந்து 'அந்தப் பொம்பள கணக்குல எவ்ளோ இருக்கு சார்' என்று கேட்டால் வாயைத் திறக்காமல் இருக்க வைப்பதும் அதே கையெழுத்துதான். இருந்தாலும் எட்டு மாதம். ராத்திரி வீட்டுக்குப் போய் ஒடுக்குமுறை பற்றிக் கவிதை எழுதுவேன். காலையில் அந்த 1,500 ரூபாய் வித்தியாசத்தை முத்திரை குத்தி வெளியே தள்ளுவேன். வேடிக்கை என்னவென்றால், அந்த எட்டு மாதத்தில் எழுதிய கவிதைகளைத்தான் நல்லா இருக்கு என்கிறார்கள்.

ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். மெஷின் படுத்திருந்தது. முதல் அம்மா கேட்டார், 'எவ்ளோ ஏறிக்கீது?' அவர் கணக்கு, அவர் கேட்கிறார், சொன்னேன். 'பதிமூணாயிரத்து நானூறும்மா.' பக்கத்தில் நின்ற அம்மா தன் பாஸ்புக்கை நீட்டினார். 'எனக்கு?' சொன்னேன். நான் குரலைத் தாழ்த்தவில்லை. வேண்டுமென்றே தாழ்த்தாமல் இருந்தேனா என்றால், ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். முதல் அம்மாதான் முதலில் பேசினார். 'இன்னாடி இது, நீ எனக்கு முன்னாடியே வேலைக்கு சேந்தவ ஆச்சே!'

அடுத்த வாரம் எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தக்காரர் வந்து போயிருக்கிறார். 'உங்க ஆளு ஒருத்தன் எங்க லேபருக்கு ஏத்திவிடுறான்' என்று புகார். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். கணக்கு வைத்திருப்பவர் தன் கணக்கைப் பற்றிக் கேட்டதால் சொன்னேன் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அது உண்மைதான். அந்த நாலு வரி எழுதக் கை நடுங்கியதும் உண்மைதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, சங்கம் இருக்கிறது, வேலைப் பாதுகாப்பு இருக்கிறது. கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு இரண்டு மாதம் கேட் பாஸ் கிடைக்கவில்லை. பிறகு அந்தத் தெருவில் பதினொரு பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் பாஸ்புக்கை வரிசையாக விரித்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று விதமான தொகை. எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்டார்கள். அதற்கப்புறம் எல்லாருக்கும் ஒரே தொகை ஏற ஆரம்பித்தது. பழைய பாக்கியை யாரும் தரவில்லை. அந்த அம்மாவின் இரண்டு மாதமும் போனது போனதுதான்.

இதில் வெற்றி எவ்வளவு தோல்வி எவ்வளவு என்று எனக்குக் கூட்டத் தெரியவில்லை. பேங்க்கில் வேலை செய்தும் அந்தக் கூட்டல் வரவில்லை.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நிரந்தர வேலை கிடையாது, மேஸ்திரி கூப்பிட்டால் வேலை. அம்மாவிடம் ஒருநாளும் கூலி எவ்வளவு என்று சொன்னது கிடையாது. கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்காகவே வீட்டில் தினமும் சண்டை. அம்மா அவர் காசை வேறு எங்கேயோ கொடுக்கிறார் என்று நினைத்தது. அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் சொன்னார், வேலை கொடுத்ததற்கு மேஸ்திரி ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு பிடித்துக்கொள்வாராம். அதைச் சொல்ல வெட்கம். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவளிடம் சொல்ல வெட்கம். அவருடைய கும்பலில் இருந்த மற்றவர்களும் அவரவர் வீட்டில் இப்படித்தான் இருந்திருப்பார்கள். மேஸ்திரி பிடித்துக்கொண்டதற்கு வெட்கப்பட வேண்டியவர் மேஸ்திரி. வெட்கத்தை மட்டும் நம்ம ஆட்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ரகசியம் என்றால் ஏதோ பூட்டு போட்ட பெட்டி என்று நினைக்கிறோம். அப்பா விஷயத்தில் பூட்டும் இல்லை, சட்டமும் இல்லை. வெட்கமே போதுமானதாக இருந்தது.

இங்கே ஒரு தோழர் கேட்பார்: சம்பளத்தை எல்லாருக்கும் தெரியும்படி வைத்துவிட்டால் சாதி போய்விடுமா? போகாது. கிராமத்தில் கூலி ரகசியமாகவா இருந்தது? களத்தில் எல்லார் கண்முன்னாலும்தான் அளந்தார்கள். யாருக்கு எந்த மரக்கால், யார் எங்கே நின்று வாங்க வேண்டும், யார் துண்டை விரிக்க வேண்டும் என்பதெல்லாம் ஊரறிந்தது. இழிவு ஊரறியத்தான் நடக்க வேண்டும், அப்போதுதான் அது இழிவு. தஞ்சை மாவட்டத்தில் கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதற்கு என்ன பதில் வந்தது? 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். ஆகவே வெளிப்படை என்ற சொல்லை வைத்துக்கொண்டு பூஜை செய்யச் சொல்லவில்லை. யார் கேட்கிறான், யாரிடம் கேட்கிறான் என்று பார்க்க வேண்டும். வீடு வாடகைக்குப் போனால் வீட்டுக்காரர் 'எங்க வேலை, எவ்ளோ சம்பளம், சொந்த ஊர் எது' என்று வரிசையாகக் கேட்கிறார். அது விசாரணை, மூன்றாவது கேள்விக்காகத்தான் முதல் இரண்டும். பக்கத்தில் நின்று அதே சாக்கைத் தூக்குகிற பெண் 'உனக்கு எவ்ளோடி?' என்று கேட்பது வேறு. முதல் கேள்விக்குப் பொய் சொல்லலாம், நான் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்குப் பொய் சொன்னால் நமக்கு நாமே குழி பறிக்கிறோம்.

கிராமத்தில் வித்தியாசத்தைக் காட்டி ஆண்டவர்கள் நகரத்து ஆலைக்கு வந்ததும் அதையே மறைத்து ஆள்கிறார்கள். ஆலைக்குள் எல்லாரும் தொழிலாளி என்று ஒரு பெயர் வந்துவிட்டதல்லவா? பம்பாய் பஞ்சாலைகளில் என்ன நடந்தது? கூலி அதிகம் கிடைக்கும் நெசவுப் பகுதியில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்க மாட்டார்கள். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோர்க்க வேண்டும், எச்சில் தீட்டு. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைச் சங்கத் தலைவர்களிடம் நேராக வைத்தார்: உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இது எங்கே? 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் நடந்த ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டிலும் இதே மாதிரி ஒரு நுட்பமான விஷயத்தை எடுத்தார். நம்ம ஆட்கள் கேங்மேனாகவே காலம் தள்ளுகிறார்கள், போர்ட்டராகக்கூட ஆக முடிவதில்லை. ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், வீட்டுக்குள் நம்மை விட மாட்டார்கள். சம்பளப் பட்டியலைப் பார்த்தால் சாதி என்ற பத்தியே இருக்காது. போர்ட்டருக்கு இவ்வளவு, கேங்மேனுக்கு இவ்வளவு. சாதி பட்டியலுக்கு வெளியே, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வாசற்படியில் நிற்கிறது. ஆகவே எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது, யார் எந்த வேலையில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதே அம்பேத்கர்தான் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தபோது 1946இல் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். 1948இல் அது சட்டமானது. இவ்வளவுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று ஊரறிய எழுதி வைப்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். நம்ம வீட்டுச் சுவரில் இருக்கிற படத்துக்குக் கீழே இந்தச் சேதியையும் எழுதி வைக்கலாம்.

நம்ம வடசென்னையிலும் கதை உண்டு. 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதைப் பெருமையாகச் சொல்கிறோம். 1921இல் பி அண்ட் சி ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்ததில் போய் நின்றதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அதைப் பற்றித் தனியாக ஒருநாள் பேசணும்.

இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் போவோம். என் அக்கா பையன் அங்கே ஒரு கம்பெனியில் மென்பொருள் வேலை. எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள். வேலை உத்தரவில், தன் சம்பளத்தை உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லக் கூடாது என்று ஒரு வரி. அவனுக்கு அது பெருமையாக இருந்தது. ராணுவ ரகசியம் மாதிரி எங்களிடமே சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு பிறந்தநாள் விருந்தில் கூடச் சேர்ந்த பையன் உளறிவிட்டான். ஒரே கல்லூரி, ஒரே மதிப்பெண், ஒரே குழு. வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வித்தியாசம். மனிதவள அதிகாரியிடம் போய்க் கேட்டதற்கு, 'அவர் பேரம் பேசினார், நீங்க பேசலையே' என்று பதில். அதோடு, 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு கேள்வி.

பேரம்! காசிமேட்டில் மீன்காரம்மாவிடம் பேரம் பேசக் கற்ற பையன்தான். ஆனால் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபோது, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, 'நீங்க பாத்து குடுங்க சார்' என்றிருக்கிறான். நம்ம தாத்தா களத்தில் சொன்ன அதே வாக்கியம். அந்த இன்னொரு பையனுக்கு அமெரிக்காவில் மாமா, பெங்களூரில் சித்தப்பா. இந்த வேலைக்கு நடப்பு விலை என்ன என்று சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. அவர்களுக்குள் சம்பளம் ரகசியமே இல்லை, கவனியுங்கள். அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிறார்கள். ரகசியம் நமக்கு மட்டும்தான்.

2007இல் தோரட்டும் அட்வெலும் செய்த ஆய்வு ஒன்று வந்தது. ஒரே தகுதி போட்ட விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள், பெயர் மட்டும் வேறு. தலித் என்று தெரிகிற பெயர்களுக்குக் கூப்பிடுதல் குறைவாக வந்தது. வாசலிலேயே இப்படி என்றால், கதவைச் சாத்திக்கொண்டு சம்பளம் தீர்மானிக்கும்போது எல்லாம் திறமைப்படிதான் நடக்கிறது என்று நம்பச் சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

அமெரிக்காவில் ஒரு பெண். எரிகா பேக்கர், கறுப்பினத்தவர், கூகுளில் பொறியாளராக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா பேச்சுவாக்கில், நம்ம சம்பளத்தை ஒரு அட்டவணையில் போட்டால் என்ன என்று சில பேராக ஆரம்பித்திருக்கிறார்கள். ஆரம்பித்ததும் ஆளாளுக்கு வந்து தங்கள் சம்பளத்தை அதில் எழுதிவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துச் சிலர் மேலதிகாரியிடம் போய்க் கேட்டுச் சம்பள உயர்வும் வாங்கினார்கள். நன்றி சொல்லி உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு அனுப்பிய சிறு வெகுமதியை மேலதிகாரி தடுத்தார். வேலையை விட்ட பிறகு 2015இல் அவரே இதையெல்லாம் வெளியே சொன்னார். அந்த நாட்டில் 1935லிருந்தே சட்டம் இருக்கிறது, தொழிலாளர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதைப் பெரும்பாலான தனியார் முதலாளிகள் தடுக்க முடியாது. சட்டம் இருந்து என்ன? லில்லி லெட்பெட்டர் என்ற அம்மா, அலபாமாவில் ஒரு டயர் ஆலையில் 1979இலிருந்து வேலை பார்த்தவர். கூட இருந்த ஆண்களைவிடக் குறைவாக வாங்குகிறோம் என்பது, யாரோ பெயர் போடாமல் விட்டுப்போன ஒரு துண்டுச் சீட்டு மூலம்தான் பணிக்காலத்தின் கடைசியில் அவருக்குத் தெரிந்தது. 2007இல் உச்சநீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? காலம் கடந்து வழக்குப் போட்டீர்கள் என்றது. மறைத்தவனுக்குக் காலக்கெடு கிடையாது, மறைக்கப்பட்டவளுக்கு உண்டு. 2009இல் அவர் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்து அதைத் திருத்தினார்கள். எனக்கு அந்தத் துண்டுச் சீட்டு எழுதிய கையைத்தான் பார்க்க ஆசை. எட்டு மாதம் நான் எழுதாத சீட்டு அது.

சரி, நம்ம தெருவுக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட். இந்த ராயபுரம் ஐந்தாவது மண்டலம், திரு.வி.க. நகர் ஆறாவது மண்டலம். இரண்டிலும் குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி தனியாரிடம் கொடுத்தது. நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் மூலம் வருஷக்கணக்காக வேலை செய்த தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். உழைப்போர் உரிமை இயக்கம் முன்னால் நின்றது. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம்ம ஜனங்கள். இங்கேயே சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. அவர்கள் ஒலிபெருக்கியில் சம்பளத்தைச் சொன்னார்கள். இப்போது 23 ஆயிரத்தை ஒட்டி வாங்குகிறோம், கம்பெனிக்குப் போனால் 16 ஆயிரம் சொச்சம்தான். இது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அரசாங்கம் வந்து வீடு வீடாகச் சொல்லவில்லை. சென்னையின் 15 மண்டலங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே தனியாரிடம் போய்விட்டன, திருவொற்றியூர், மணலி உட்பட. அங்கே தங்கச்சி இருக்கிறாள், நாத்தனார் இருக்கிறாள். கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொள்கிறபோது, 'உனக்கு எவ்ளோ வருது' என்று கேட்டு வைத்திருக்கிறார்கள். அதிகாரிகள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பேசியதற்கு எதிரே இவர்கள் நாத்தனார் கைக்கு வருகிற தொகையை வைத்தார்கள். மென்பொருள்காரர்கள் அட்டவணை போட்டுச் செய்ததை இவர்கள் பந்தி இலை முன்னால் உட்கார்ந்து செய்தார்கள்.

அந்த 13 நாளில் இந்த நகரத்துக்கு முதல்முறையாகத் தன் குப்பையை அள்ளுபவரின் சம்பளம் தெரிந்தது. அப்போதுதான் இன்னொரு குரலும் கேட்டது. எங்கள் கிளையிலேயே கேட்டேன். 'குப்பை அள்ள இருபத்தி மூணாயிரமா?' என்றார் ஒருவர். அவர் வாங்குவது அதுபோல மூன்று மடங்கு. ஒருநாள் குப்பை எடுக்கவில்லை என்றால் அவர்தான் முதலில் மாநகராட்சிக்குப் போன் போடுகிறவர். இதற்கு பயந்துதான் நம்ம ஆட்கள் வாயைத் திறப்பதில்லை என்று தோன்றியது. அதிகமாகச் சொன்னால் இவ்வளவா என்பான், குறைவாகச் சொன்னால் அவ்வளவுதானா என்பான். இரண்டிலும் நாம்தான் குற்றவாளி. நான் அவரிடம் கேட்டேன்: சார், எவ்வளவு கொடுத்தா நீங்க அள்ளுவீங்க? அதற்குப்பின் அவர் என்னோடு டீ குடிக்க வருவதில்லை. எனக்கு நாளுக்கு பன்னிரண்டு ரூபாய் மிச்சம்.

ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது, நீதிமன்ற உத்தரவைக் காட்டி. அடுத்த நாளே அரசு சலுகைகள் அறிவித்தது, அதில் ஒன்று இலவசக் காலை உணவு. சம்பளத்தைக் கேட்டவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். பசிக்கிறவருக்குச் சாப்பாடு நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இட்லியை யாரும் பாஸ்புக்கில் ஏற்ற முடியாது. தனியாருக்குக் கொடுத்தது செல்லும் என்று சொன்ன உயர்நீதிமன்றம், கடைசியாக வாங்கிய சம்பளம் குறையக் கூடாது என்றும் அதே மாதத்தில் சொன்னது. கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு என்று ஊருக்கே தெரிந்திருந்ததால்தான் அந்த வரியை எழுத முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

எண்ணூரில் 2025 செப்டம்பர் 30ஆம் தேதி அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் செத்தார்கள். வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள், பெரும்பாலும் அசாம்காரர்கள். குடும்பத்துக்கு இத்தனை லட்சம் என்று மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது. உயிரோடு அந்தச் சாரத்தில் ஏறியபோது நாளுக்கு எவ்வளவு வாங்கினான் என்பதை நான் படித்த எந்தப் பேப்பரிலும் பார்க்கவில்லை. 'வடக்கன் வந்து கூலியைக் கெடுத்துட்டான்' என்று நம்ம பசங்களே பேசுகிறார்கள். அவனுக்கு எவ்வளவு என்று ஒருநாளாவது கேட்டோமா? கேட்டால்தானே கெடுத்தது அவனா, நடுவில் இருக்கிறவனா என்று தெரியும்? இந்தி தெரியாது என்கிறீர்கள். 'கித்னா' என்ற ஒரு சொல் போதும்.

சட்டம் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இருட்டிவிட்டது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் கூலிப் பதிவேட்டைக் கூட்டம் கூட்டிச் சத்தமாகப் படித்தது. ஊரில் இல்லாதவர் பெயரில் கூலி, போடாத சாலைக்குக் கூலி எல்லாம் அப்படித்தான் வெளியே வந்தது. 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவில், ஒவ்வோர் அரசு அலுவலகமும் தன் ஒவ்வோர் ஊழியரின் மாதச் சம்பளத்தையும் யாரும் கேட்காமல் தானாகவே வெளியிட வேண்டும் என்று இருக்கிறது. கலெக்டர் சம்பளத்தை நீங்கள் தெரிந்துகொள்ளலாம். அவர் அலுவலகத்தைக் கூட்டுகிற ஒப்பந்தப் பெண்ணின் சம்பளத்தைத்தான் அந்தப் பட்டியலில் தேட வேண்டியிருக்கும். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களை எடுத்துவிட்டு நான்கு தொகுப்புகளாக நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் சங்கங்களுக்கு ஆயிரம் ஆட்சேபம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆனால் ஊதியத் தொகுப்பின் 50ஆவது பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எந்த வகை வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று அறிவிப்புப் பலகையில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட வேண்டும், சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும். பழைய சட்டத்திலும் பலகை வைக்கும் விதி இருந்தது. நான் பார்த்த ஒரு ஆலையில் அந்தப் பலகை வாட்ச்மேன் அறைக்குள், அவர் சட்டை மாட்டும் ஆணிக்குக் கீழே இருந்தது. சட்டையை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 'எதுக்கு சார்' என்றார்.

கடைசியாக, நம்ம பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் வாங்குகிற நாமே மறைக்கிறோம். சொன்னால் கடன் கேட்பார்கள், கண் படும், பங்காளி பொறாமைப்படுவான். எங்கள் அம்மா இன்றைக்கும் தெருவில் 'பேங்க்ல ஏதோ வேல செய்யுது' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். சேரியிலிருந்து ஒருத்தன் மேலே ஏறிவிட்டால் ஏணியை இழுத்து உள்ளே வைத்துக்கொள்கிற புத்தி இது என்று நண்பர் ஒருவர் திட்டினார். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதி பாதி, அப்பாவின் வெட்கம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. என் மனைவி ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பத்து வருஷ அனுபவம், மாதம் 18 ஆயிரம். அதை இங்கே சொல்லலாமா என்று காலையில் அவளைக் கேட்டேன். 'சொல்லு, ஆஸ்பத்திரி பேர மட்டும் சொல்லாத, எனக்கு இன்னும் டியூட்டி இருக்கு' என்றாள்.

அதனால்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்திருக்கிறேன். பெயர் எழுத வேண்டாம், போன் நம்பர் வேண்டாம். என்ன வேலை, எந்தப் பகுதி, ஒப்பந்தமா நிரந்தரமா, எத்தனை வருஷம், நாளுக்கோ மாதத்துக்கோ கைக்கு எவ்வளவு, இடையில் யார் எவ்வளவு பிடிக்கிறார். அவ்வளவுதான். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்க, நான் எழுதுகிறேன், அது என் தொழில். முதல் வரியில் என் கணக்கு இருக்கிறது, இரண்டாவது வரியில் அவள் கணக்கு. நோட்டு டீ வைத்திருக்கிற மேசைமேல இருக்கு. பேனாவை நூல்ல கட்டி வச்சிருக்கேன், பேங்க் பழக்கம்.